கத்திரி வெயிலில் கருகிய மோட்டார்: காயில் கட்டுவதா, புதிது வாங்குவதா, நீர்மூழ்கிக்கு மாறுவதா?

போன வருஷம் கத்திரி வெயில் தொடங்கிய நாலாம் நாள் எங்கள் மோட்டார் புகைந்தது. குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் நீடாமங்கலம் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை நாற்றங்காலுக்குப் பில்டர் பாயிண்ட்தான் (மணலில் குழாய் இறக்கிய ஆழமில்லாத போர்) கதி. மதியம் மூன்று மணிக்குக் கொட்டகைப் பக்கம் போனபோது வார்னிஷ் கருகும் வாடை வந்தது. அந்த வாடை ஒரு தடவை மூக்கில் ஏறினால் மறக்காது. மூன்று வருஷத்துக்குள் இது இரண்டாவது முறை.

காயில் கட்டுகிற அண்ணன் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "தம்பி, கட்டித் தர்றது பெரிய வேலை இல்ல. ஆனா இது எதனால போச்சுன்னு பாக்காம கட்டினா அடுத்த சித்திரைக்கும் நீங்க இங்கதான் வருவீங்க" என்றார். பழைய காயிலையே கட்டுவதா, அதே ரகத்தில் புதிது வாங்குவதா, போர் போட்டு நீர்மூழ்கி இறக்குவதா, மானியத்தில் சோலார் போடுவதா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அதற்குள் அதிகம் போகவில்லை. ஒவ்வொரு வழியையும் சூட்டைத் தாங்குமா, சூட்டைக் குறைக்குமா என்று மட்டும் பார்க்கலாம்.

ஏன் சூடு? நமக்கு விவசாய மின்சாரம் இலவசம். மோட்டார் எவ்வளவு கரண்டை வீணாக்குகிறது என்று பில்லில் தெரியாது. அந்த வீண் முழுவதும் சூடாக மாறி மோட்டாருக்குள்ளேயே உட்காருகிறது. கடைசியில் காயில் கட்டும் கூலியாக நம்மிடமே வந்து வசூல் செய்கிறது.

ஒரு 5 எச்.பி. மோட்டார் தண்டில் தருவது 3.7 கிலோவாட். திறன் 85 சதவீதம் என்று வைத்தால் அது இழுப்பது சுமார் 4.35 கிலோவாட். மிச்சம் 650 வாட் சூடாகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியை மோட்டாருக்குள் வைத்து விடாமல் ஓட்டுவதுபோல. திறன் 78-க்கு இறங்கினால் அதே தண்ணீருக்குச் சூடு ஒரு கிலோவாட்டைத் தாண்டும். திறன் ஏழு புள்ளிதான் குறைகிறது, சூடோ ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது.

இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சங்கதி. செம்புக் கம்பி ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் மின்தடை கூடும். காயில் 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதே ஆம்பியருக்கு 20 சதவீதம் அதிகச் சூடு பிறக்கும். அது காயிலை இன்னும் சூடாக்கும். நடுவில் சுற்றுகிற ரோட்டரும் சூடேறிக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், தண்ணீரும் ஒரு பிடி குறையும்.

இப்போது ஆயுள். காயில் கம்பியின் மேல்பூச்சு, காயில் உட்காரும் பள்ளத்தில் வைக்கிற ஸ்லாட் காகிதம், வார்னிஷ் இவைதான் மோட்டாரின் உயிர். சூட்டில் இவை மெல்ல மெல்ல மொறுமொறுப்பாகி உதிரும். தொழிலில் பல காலமாக இருக்கும் கணக்கு ஒன்று உண்டு: காயில் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். பெயர்ப்பலகையில் 'இன்சுலேஷன் கிளாஸ்' என்று ஓர் எழுத்து இருக்கும். பி என்றால் 130 டிகிரி, எஃப் என்றால் 155, எச் என்றால் 180. அந்த எல்லையிலேயே ஓடினால் சுமார் 20,000 மணி நேரம் தாங்கும் என்பது அந்த எழுத்தின் அடிப்படை. இதையெல்லாம் சுற்றுக் காற்று 40 டிகிரி என்று வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள்.

எங்கள் கொட்டகையில் 40 டிகிரி ஏது? தண்ணீர் மட்டம் சித்திரையில் இறங்கிவிடும். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த ரகம்) நடைமுறையில் இருபது, இருபத்திரண்டு அடிக்கு மேல் இழுக்கத் திணறும். அதனால் எட்டடிக் குழி வெட்டி மோட்டாரை அதற்குள் இறக்கி, மேலே தகரம் போட்டிருந்தார் அப்பா. மோட்டார் விசிறி ஊதுகிற சூடான காற்று குழியிலேயே சுற்றி மறுபடி அதே விசிறிக்குப் போகும். ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு 49 காட்டியது.

சரி, கணக்குப் போடுவோம். எங்களுடையது பி கிளாஸ். 40 டிகிரி காற்றில் முழு பாரத்தில் 130-ல் நிற்கவேண்டியது, 49 டிகிரிக் குழியில் 139-ல் நிற்கும். ஆயுள் கிட்டத்தட்டப் பாதி. இதோடு மூன்று பேஸும் ஒரே அளவில் வராத கதையைச் சேர்க்க வேண்டும். அன்றைக்கு மீட்டரில் பார்த்தபோது 400, 415, 385 என்று வந்தது. சராசரி 400, அதிகபட்ச விலகல் 15, அதாவது 3.75 சதவீதம். இந்தச் சதவீதத்தை வர்க்கம் எடுத்து இரண்டால் பெருக்கினால் காயிலின் சூட்டேற்றம் எவ்வளவு சதவீதம் கூடும் என்று தோராயமாக வரும்: 28. பி கிளாஸ் காயில் சராசரியாக எண்பது டிகிரி ஏறவேண்டியது (மிகச் சூடான புள்ளிக்கு இன்னும் பத்து சேர்த்துத்தான் மேலே சொன்ன 130) நூற்றிரண்டு ஏறும். கூடிய 22-ஐ அந்த 139-ஓடு சேர்த்தால் 161 டிகிரி. 20,000 மணி நேரம் ஓடவேண்டியது 2,300 மணி நேரத்தில் முடிந்துவிடும். வருஷத்துக்குத் தொள்ளாயிரம் மணி நேரம் ஓட்டுகிறோம். இரண்டரை வருஷம். பேப்பரில் இந்த விடை வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தது வீண்.

காயிலைப் பிய்த்து எறியும் முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். பலர் மோட்டாரைக் கடையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். கருகிய காயில் ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரி. எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கருத்திருந்தால் பாரம் அதிகம், வோல்டேஜ் குறைவு, அல்லது காற்றோட்டம் இல்லை. சில காயில் மட்டும் கரிக்கட்டையாகி மற்றவை புதுசு மாதிரி மினுங்கினால் ஒரு பேஸ் அறுந்து ஓடியிருக்கிறது. மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சுப் போட்ட ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸ் காயில் கருகி ஒன்று தப்பும். முக்கோணமாகக் கோத்த டெல்டா இணைப்பில் ஒன்று கருகி இரண்டு தப்பும். (டெல்டாக்காரர்களுக்கு இந்த இணைப்பின் பெயராவது மனதில் நிற்கும்.) ஒரே இடத்தில் பொட்டு மாதிரி உருகியிருந்தால் அங்கே ஷார்ட். எங்களுடையது முழுக்கக் கருத்திருந்தது, அதிலும் ஒரு பேஸ் இன்னும் கொஞ்சம் அதிகமாக. அண்ணன் விரலால் ஸ்லாட் காகிதத்தைத் தொட்டார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஒரே நாளில் போன மோட்டாரில் காகிதம் இப்படி ஆகாது, பல மாதம் வெந்திருக்கிறது என்றார்.

பேஸ் அறுந்து போன மோட்டாருக்கு மேலே சொன்ன ஆயுள் கணக்கு எதுவும் பொருந்தாது. அது சில நிமிடங்களில் போய்விடும். அதற்கு மருந்து புது மோட்டார் இல்லை, ஸ்டார்ட்டரில் ஒரு சிங்கிள் பேஸ் பிரிவென்டர்தான் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் கருவி). கெப்பாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள். நாற்று காய்கிற அவசரம் எனக்கும் தெரியும். ஆனால் மூன்று தோள் தூக்குகிற சுமையை இரண்டு தோளில் ஏற்றினால் சூடு எங்கே போகும்?

இனி ஒவ்வொரு வழியாக.

காயில் கட்டுவது: கைக்காசில் இதுதான் லேசு. சரியாகக் கட்டினால் பழைய திறன் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வரும். 'சரியாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரைத் தீயில் போட்டு எரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஸ்டேட்டர் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே மெல்லிய காப்புப் பூச்சு உண்டு. கட்டுப்பாடில்லாத தீயில் அது வெந்து போனால் தகடுகளுக்குள் சுழல் மின்னோட்டம் பெருகி இரும்பே சூடாகும். அப்புறம் எவ்வளவு நல்ல செம்பைக் கட்டினாலும் மோட்டார் சும்மா ஓடும்போதே சுடும். இரண்டாவது, கம்பியின் கனம். பழைய கேஜைவிட ஒரு நம்பர் மெல்லிசாகப் போட்டால் வேலை சுலபம், கம்பி எடையும் குறைவு, கட்டுகிறவருக்கு லாபம். நமக்கு மின்தடை கூடும். அலுமினியம் என்றால் கேட்கவே வேண்டாம், அதே கனத்தில் செம்பைவிட அதற்கு மின்தடை சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல். மூன்றாவது வார்னிஷ். ஸ்டேட்டரை முக்கி எடுத்து அடுப்பில் வாட்டினால் வார்னிஷ் கம்பிகளின் இடுக்கெல்லாம் நிறைந்து சூட்டை இரும்புக்குக் கடத்தும். மேலே ஊற்றி வெயிலில் காயவைத்தால் உள்ளே காற்றுப் பொட்டலங்கள் நிற்கும், சூடு வெளியேற வழி கிடைக்காது.

நான் அண்ணனிடம் இரண்டே கேட்டேன்: கழற்றிய செம்பின் எடைக்குக் குறையாமல் புதுச் செம்பு, பி கிளாஸுக்குப் பதில் எஃப் கிளாஸ் கம்பியும் காகிதமும். இரண்டாவதற்கு அவர் கேட்ட கூடுதல் தொகை ஒரு மூட்டை உரத்தின் விலைகூட இல்லை. அதே 161 டிகிரியில் எஃப் கிளாஸ் 13,000 மணி நேரம் தாங்கும். மோட்டார் சூடு குறையவில்லை, தாங்கும் சக்திதான் கூடியது. ஆனாலும் இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு ஆயுள் வேறு எதிலும் கிடைக்காது. ஒரே மோட்டாரை நாலைந்து தடவை கட்டியிருந்தால் மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம், இரும்பு போயிருக்கும்.

அதே ரகத்தில் புது மோனோபிளாக்: புதுசு என்றாலே மனசுக்கு ஒரு திருப்தி. திறன் கூடிய ரகங்களில் செம்பு அதிகம், இரும்பும் நல்லது, அதனால் பிறக்கிற சூடே குறைவு. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு நட்சத்திரக் குறியும் பார்த்து வாங்கலாம். ஆனால் அதே குழி, அதே தகரம், அதே 385 வோல்ட் என்றால் புது மோட்டாருக்கும் அதே தலையெழுத்துதான். குழி இல்லாத இடத்துக்கு இது நல்ல வழி. என் மச்சானுக்குத் திருவையாறு பக்கம் நிலம். அங்கே எங்களைவிடத் தண்ணீர் மேலே நிற்கிறது, மோட்டார் தரையிலேயே, புங்க மரத்தடியில் கீற்றுக் கொட்டகையில் இருக்கிறது. எங்களோடு சேர்த்து வாங்கிய அதே கம்பெனி மோட்டார். இன்னும் காயில் கட்டவில்லை. ஒரே மோட்டார், ஒரே வெயில், இடம் மட்டும் வேறு.

அவரிடமும் ஒரு குறை உண்டு. தண்ணீர் படுமே என்று மோட்டார் மேல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார். விசிறி மூடியைக் கழற்றினால் உள்ளே வைக்கோலும் குளவிக் கூடும். முதுகில் இருக்கிற வரிவரியான இரும்புத் துடுப்புகள்தான் மோட்டாரின் வேர்வைத் துவாரம். அதில் சேறும் பெயின்டும் அப்பிக்கிடந்தால் காற்று இருந்தும் பலனில்லை.

கை வைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "கை வைக்க முடியல, சூடா இருக்கு" என்பது அளவுகோல் ஆகாது. கை சுமார் 55 டிகிரிக்கு மேல் நிற்காது. எஃப் கிளாஸ் மோட்டாரின் மேலுடம்பு 70-ஐத் தாண்டுவது இயல்புதான். நேற்றுவரை பத்து எண்ணும்வரை வைக்க முடிந்த கையை இன்று மூன்றில் எடுக்கவேண்டி வந்தால் அப்போது கவலைப்படுங்கள்.

நீர்மூழ்கி: இதில்தான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. தண்ணீர் நிரப்பி ஓட்டுகிற நீர்மூழ்கி மோட்டாரில் கம்பிக்கு எனாமல் பூச்சு கிடையாது, பி.வி.சி. மாதிரியான பிளாஸ்டிக் உறை. அது தாங்குவது 70 டிகிரி சுமாருக்குத்தான். மேலே இருக்கிற மோட்டார் 130, 155 என்று பேசும்போது இது 70-லேயே கைகட்டி நிற்கிறது. பிறகு எப்படி வருஷக்கணக்கில் ஓடுகிறது? அது உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. நம் நிலத்தடி நீர் சித்திரையானாலும் மார்கழியானாலும் 28, 29 டிகிரியிலேயே நிற்கும். காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். மேலே கத்திரி கொளுத்துவது கீழே அதற்குத் தெரியவே தெரியாது.

அதே காரணத்தால் அந்தத் தண்ணீர் ஓட்டம் நின்றால் மன்னிப்பே இல்லை. மட்டம் இறங்கி வறண்டு ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே உறை இளகிவிடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. நீர்மூழ்கியில் மோட்டார் கீழே, பம்பு மேலே, தண்ணீர் நுழையும் வாய் நடுவில். போரின் வடிகட்டிக் குழாய் மோட்டாருக்குக் கீழே இருந்தால் தண்ணீர் மோட்டாரைத் தடவிக்கொண்டு மேலே வரும், குளிர்ச்சி கிடைக்கும். மோட்டாரை வடிகட்டிக்குக் கீழே இறக்கிவிட்டால் தண்ணீர் மேலிருந்தே வாய்க்குள் போய்விடும். மோட்டார் தேங்கிய தண்ணீரில் வெந்துகொண்டிருக்கும். ஆழமாக இறக்கினால் நல்லது என்று நினைத்து இப்படிச் செய்துவிடுகிறார்கள். அப்படி இறக்கியே ஆகவேண்டும் என்றால் மோட்டாரைச் சுற்றி ஒரு குழாய் உறை போட்டு, தண்ணீரைக் கீழே போய்ச் சுற்றி வரவைக்க வேண்டும். அகலமான போரில் சின்ன மோட்டார் போட்டாலும் இதே உறை தேவை. இறக்கும் முன் மோட்டாருக்குள் நல்ல தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பாதகம்: எங்கள் பழைய பில்டர் பாயிண்ட் குழாய் இதற்குப் பத்தாது, புது போர் வேண்டும். பழுதானால் குழாயை முழுக்க மேலே இழுக்கவேண்டும். டெல்டா மணல் பேரிங்கைத் தின்னும். கடலோரம், வேதாரண்யம் பக்கம், உப்பு வேறு.

சோலார்: 2019-ல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தில் வேளாண் பொறியியல் துறை வழியாக மானியம் உண்டு. சூட்டுக் கணக்கில் இதற்கு ஒரு பெரிய நன்மை. கன்ட்ரோலர் மோட்டாரை மெல்லக் கிளப்பும், நேரடி ஸ்டார்ட்டில் வருகிற ஆறு மடங்கு கரண்டு அடி இல்லை, பேஸ் ஏற்றத்தாழ்வும் இல்லை. ஆனால் வெயில் அதிகமானால் கரண்டும் அதிகம் என்பது பாதிதான் உண்மை. பேனலின் வாட் கணக்கு 25 டிகிரிக்கு எழுதியது. சித்திரை மதியத்தில் பேனல் 60-ஐத் தொடும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறைந்து, 14 சதவீதம் போய்விடும். கன்ட்ரோலர் பெட்டியை வெயிலில் மாட்டினால் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்களுக்கும் அதே பத்து டிகிரிக் கணக்குத்தான், பேனல் நிழலிலேயே மாட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு ஏற்கெனவே இலவச இணைப்பு இருப்பதால் இதை ஒதுக்கிவிட்டேன். இணைப்புக்காகக் காத்திருப்பவர்கள் ஒதுக்கக் கூடாது.

ஸ்டார்ட்டர் பற்றி ஒரு வார்த்தை. ஆம்பியர் ஏறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று திருகைக் கடைசி வரை திருப்பி வைத்திருந்தோம். ரிலேக்குள் இருப்பதும் சூட்டில் வளைகிற தகடுதான். தகரச் சுவரில் வெயில் படும் பக்கம் மாட்டிய பெட்டியில் அது தானாகவே சீக்கிரம் வளையும். நாம் ரிலே சரியில்லை என்று திருகிவிடுகிறோம், அப்புறம் நிஜமாகவே ஆம்பியர் ஏறும்போது அது விழாது. பெட்டியை நிழல் பக்கம் மாற்றி, பெயர்ப்பலகையில் போட்டிருக்கிற ஆம்பியருக்குத் திருகை வையுங்கள்.

கடைசியில் நான் செய்தது: நாற்றைக் காப்பாற்ற எஃப் கிளாஸில் காயில் கட்டி அதே குழியில் ஓட்டினேன். குழியின் தகரத்தை எடுத்துவிட்டுக் கீற்று வேய்ந்தேன், அதற்கே தெர்மாமீட்டர் 43-க்கு இறங்கியது. சம்பா அறுப்பு முடிந்ததும் புது போர் போட்டு 5 எச்.பி. நீர்மூழ்கி இறக்கியாகிவிட்டது, வடிகட்டிக்கு மேலேதான். மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலம் மட்டும் இருந்து, தண்ணீரும் மேலே நிற்கிற இடமாக இருந்தால் போர் போட்டிருக்க மாட்டேன். கீற்றும் எஃப் கிளாஸ் காயிலுமே போதும்.

குழியை மூட அப்பாவுக்கு மனசில்லை, இன்னும் திறந்துதான் கிடக்கிறது. ஸ்டார்ட்டர் பக்கத்துச் சுவரில் மாதம் ஒருமுறை மூன்று பேஸ் ஆம்பியரையும் கரியால் எழுதி வருகிறேன். இந்த மாதம் 8.6, 8.8, 9.5. மூன்றாவது எண் கொஞ்சம் உறுத்துகிறது. லைன்மேன் இந்தப் பக்கம் வரும்போது ட்ரான்ஸ்பார்மரில் ஒரு பார்வை பார்க்கச் சொல்லவேண்டும்.